சாமி வரும் வழி, கூடை போகும் வழி

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வருகின்றன. மயிலத்து முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் எனத் தொலைவூர்ச் சாமிகளும் உள்ளூர்ச் சாமிகளும் சேர்ந்து தீர்த்தவாரி கொள்ளும் இடம் இந்த மீனவக் குப்பம்.

மாசிக் கடலாட்டு மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய மயிலாப்பூர்ப் பதிகத்தில் அது இடம்பெறுகிறது. விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இறந்துபோன பூம்பாவையை மீண்டும் அழைக்கும் பதிகம் அது. விழாவைக் காண்பதே அந்தப் பெண்ணுக்கு வாழ்வு. ஆனால், காண்பதைத் தாண்டி அவளுக்கு அங்கே வேலை எதுவும் சொல்லப்படவில்லை.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக்கு அதே நாளில் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருகிறார். மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று வரவேற்கிறார்கள். பத்மினி நாச்சியார் என்ற மீனவப் பெண்ணை அவர் மணந்தார் என்பது தொன்மம். கோயிலுக்கும் குப்பத்துக்கும் உறவைக் கொண்டுவந்தவள் மகள்; மாப்பிள்ளையைத் தோளில் சுமக்கும் பெருமை ஆண்களுக்கு.

பெண்கள் சுமந்தது வேறு. கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் ஏற்றித் தெருத்தெருவாக நடந்தார்கள். விற்காததை உப்பிட்டுக் கருவாடாக்கினார்கள். சாமி வரும் வழிக்குப் பந்தல் உண்டு, மண்டகப்படி உண்டு. கூடை போகும் வழிக்கு? 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர், நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சர் கண்டித்தார், நடவடிக்கை வந்தது. அந்த நாற்றம் அவருடைய உழைப்பின் மணம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது கரையே குறைந்துவிட்டது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. வடக்கேயிருந்த குப்பங்களை அலை அரித்தது. கருங்கற்களைக் கொட்டி ஈடுகட்டினார்கள். கல்லின் மேல் படகை ஏற்ற முடியாது, கருவாடு காயவைக்க முடியாது. ஆண்டில் ஒருநாள் சாமி இறங்க ஒரு வழியை எப்படியாவது அமைத்துவிடுவார்கள். மற்ற நாள்களில் பெண்களுக்கு வேண்டிய மணல்பரப்பைக் கேட்பது யார்?

தலயாத்திரையின் வரலாறு வந்தவர்களைக் கணக்கெடுக்கிறது. வரவேற்ற ஊரின் வரலாற்றை எழுதவேண்டுமானால், அன்றாடம் அங்கிருந்து கூடையோடு புறப்பட்டுப் போனவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.