ஊட்டி முகாமுக்கு வெட்டின விறகு



குலதெய்வம் கோயிலுக்கு மாட்டுவண்டி கட்டிப்போய் ரெண்டு நாள் தங்கிப் பொங்கல் வைத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அரிசி, பருப்பை மூட்டை கட்டும்போதே காய்ந்த விறகு ரெண்டு கட்டும் வண்டியில் ஏறிவிடும். போன இடத்தில் ஈரச் சுள்ளியை ஊதிக்கொண்டு உட்கார முடியுமா? வீட்டுப் பாட்டிக்கு இருந்த இந்த முன்யோசனை ஒரு அரசாங்கத்துக்கே இல்லாமல் போன கதையை இன்று சொல்கிறேன்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறினார். குளிர்ச்சி பிடித்துப்போய், பிறகு ஊட்டியில் கல்வீடும் கட்டினார். அவர் பின்னாலேயே மற்ற துரைமார்களும் வந்தார்கள். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே வருஷாவருஷம் கோடைக்கு ஊட்டியில் போய் முகாம் போட்டது. வெயிலுக்குப் பயந்து ஓடினவர்கள், மேலே போனதும் குளிருக்கு நெருப்பு மூட்டினார்கள், பாருங்கள்! பங்களாவுக்குப் பங்களா கணப்பு அடுப்பு. சமையலுக்கு, வெந்நீருக்கு, வேலையாட்கள் குளிர்காய, எல்லாத்துக்கும் விறகுதான்.

கைக்கு எட்டினது சோலைக்காடு. நீலகிரியின் உச்சியில் பெரும்பகுதி புல்வெளி. நடுவே ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை இருக்கும். ஓடைகள் புறப்படுகிற இடமும் அதுதான். சோலை மரம் மெள்ளத்தான் வளரும். வெட்டவெளியில் முளைத்த கன்றை உறைபனி கருக்கிவிடும். கோடாலிக்கு ஒரு நாள் வேலை. மரத்துக்கோ பல தலைமுறை வேலை.

சோலை குறைந்த பிறகுதான் யோசனை வந்தது. 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தை, 1863-ல் ஊட்டி பக்கம் ஆரம்பியில் தோட்டமாகவே போட்டார்கள். பத்து வருஷத்தில் வெட்டலாம். வெட்டின கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சீகை மரமும் அப்படி அங்கிருந்து வந்ததுதான். தைலமரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. விறகுப் பஞ்சத்தைத் தீர்த்தது, மிச்சமிருந்த சோலைக்கும் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. ஆனால் அதை நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் அது.

தண்ணீர்க் கணக்கையும் கேளுங்கள். கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைலமரம் நட்டு விஞ்ஞானிகள் அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கம் ஓடிவந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மறுதாம்பில் இன்னும் குறைந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் பைக்காரா, மாயாறு வழியாகப் பவானிசாகர் வந்து, கீழ்பவானி வாய்க்காலில் நம்ம வயலுக்குப் பாய்கிற தண்ணீர், ஐயா!

இன்று ஊட்டியில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. விறகுக்கு வந்த மரம் மட்டும் போகவில்லை. சீகையை வேரோடு பிடுங்கினாலும் அதன் விதை பல பத்து வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். பிடுங்கின இடத்தில் மழை பெய்ததும் மறுபடி முளைக்கிறது. வனத்துறை ஆட்கள் மறுபடி போய்ப் பிடுங்குகிறார்கள்.