கடல் வெப்பமடைதலும் மன்னார் வளைகுடாப் பாதுகாப்புச் சட்டங்களும்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் அமைந்துள்ளன. இவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் மீன்கள் இனம்பெருகும் இடமாகவும், அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணாகவும் விளங்குகின்றன. இப்பாறைகளைக் காக்க ஐம்பது ஆண்டுகளாக இயற்றப்பட்ட சட்டங்கள் மனிதர் வெட்டுவதைத் தடுத்தன. கடல் சூடாவதைத் தடுக்க அவற்றால் இயலவில்லை.

பவளம் வெட்டிய காலம்

ஒரு காலத்தில் பவளப்பாறைகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. வீடு கட்டவும், காளவாயில் சுண்ணாம்பு சுடவும், கால்சியம் கார்பைடு தயாரிக்கவும் அவை பயன்பட்டன. அரணாக நின்ற பாறை குறைந்ததால் தீவுகளின் கரையைக் கடல் அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கின.

சட்டங்கள்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1986இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 1991இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, பவளப்பாறை உள்ள இடங்களைக் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் சேர்த்தது.

2001இல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. இதனால் பவளம் வெட்டுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வெட்டுவதும் படிப்படியாக நின்றது.

கடலின் சூடு

வளிமண்டலத்தில் பெருகிய கரியமில வாயுவால் புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடல்களே உள்வாங்குகின்றன. பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பவளத்துக்கு உணவின் பெரும்பகுதியும் நிறமும் அவற்றாலேயே கிடைக்கின்றன. கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் பல வாரங்கள் நீடித்தால் பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளிறிவிடுகிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் அது தேறும், இல்லையேல் இறந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் ஏற்பட்டது. 2016 நிகழ்வில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவ்வாண்டில் பூங்காவுக்கு எல்லையும் இருந்தது, காவலும் இருந்தது.

புதிய ஏற்பாடுகள்

வெட்டுவதைத் தடுப்பதோடு, சிதைந்ததை மீட்பதும் அரசின் பணியாயிற்று. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் அமைக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவின் உணவான கடற்புல் கரியமிலத்தையும் சேமித்து வைப்பதாகும். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது.

கடல் சூட்டுக்கென்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் எதையும் இயற்றவில்லை. 2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம் கார்பன் வணிகத்துக்கு வழிசெய்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்குள் அடங்கும் உரிமை என உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியது.

சுமையைத் தாங்குவோர்

பாதுகாப்புச் சட்டங்களின் சுமை முதலில் கடலோர ஏழைகள் மீதே விழுந்தது. கடல் அட்டை எடுத்தவர்கள் 2001இல் தொழிலை இழந்தனர். தீவுகளைச் சுற்றிப் பாசி சேகரித்த இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் பூங்கா எல்லைக்குள் செல்லத் தடைப்பட்டனர். அவர்களில் பலர் மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது எனத் தாமாகவே வரையறுத்துக்கொண்டனர். ஆனால் கடலைச் சூடாக்கும் புகை அவர்களுடைய படகுகளிலிருந்து வந்ததன்று. அனல்மின் நிலையங்களிலும் ஆலைகளிலும் வாகனங்களிலும் இருந்து வருவது.

உள்நாட்டு மாவட்டங்களின் பங்கு

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து கொண்டுவருவதாகும். சூடான கடல் புயல்களுக்கு வலுவூட்டுகிறது. அதற்கு மேலுள்ள காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது. எனவே கடற்கரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள, முறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டி போன்ற சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களும் கடலின் நிலையோடு பிணைந்தவையே.

காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் 38 மாவட்டங்களிலும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட இயக்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கடல் இல்லாத சேலம், நாமக்கல் மாவட்டங்களும் இவற்றுள் அடங்கும். பவளத்தை வெட்டும் கை கடலோரத்தில் இருந்ததால் 1986ஆம் ஆண்டின் ஏற்பாடு கடலோரத்தோடு நின்றது. வெப்பம் எல்லா ஊர்களிலிருந்தும் வருவதால், 2022ஆம் ஆண்டின் ஏற்பாடு எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. பவளப்பாறைகளின் எதிர்காலம் உள்நாட்டு ஊர்களில் புகை எவ்வளவு குறைகிறது என்பதையும் பொறுத்துள்ளது.