ரொட்டியை எடுத்ததும் வந்த பசி

கைகால் சூம்பியிருக்கும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். மலம் வெளிறி, நிறைய, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். மாதங்கள் போகும், எடை ஏறாது. கிண்ணத்தை நீட்டினால் முகம் திரும்பிக்கொள்ளும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1887 அக்டோபரில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. இன்று சீலியாக் நோய் என்று நாம் சொல்வதன் முதல் தெளிவான வருணனை அதுதான். இந்த நோய் தீரும் என்றால் உணவால்தான் தீரும் என்றும் அவர் அடித்துச் சொல்லிவிட்டார். எந்த உணவு என்பதில்தான் அறுபது ஆண்டுகள் ஓடின.

கீயின் கட்டுரையில் ஒரு குழந்தை வருகிறது. அதற்கு நாள்தோறும் ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலாக, உயர்ந்த ரக ஹாலந்துச் சிப்பி கொடுத்தார்கள். குமரி மாவட்டக் கடற்கரையில் அவித்தும் வறுத்தும் சாப்பிடுகிறார்களே, அந்த வகைதான். குழந்தை அபாரமாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் சிப்பியைக் கொண்டுபோனால், கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்தும் வாயைத் திறக்கவே இல்லை. அந்தக் குழந்தையின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு பருவம் முழுக்கத் தினமும் ஒரு லிட்டர் சிப்பி தின்றவருக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லையா?

அந்தச் சிப்பி வைத்தியம் ஏன் பலித்தது என்று இன்று ஊகிப்பது எளிது. வயிறு நிறையச் சிப்பி போனால் ரொட்டிக்கு இடம் ஏது? கீ அந்தப் பக்கம் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாவுப் பண்டங்களைக் குறைக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு ஆகாது என்று விலக்கிவிட்டு, மெல்லியதாகச் சீவி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டிக்கும் மால்ட் சேர்த்த உணவுக்கும் இடம் கொடுத்தார். கெடுதல் செய்யாததெல்லாம் வெளியே போனது, கெடுதல் செய்வது வாட்டிய வாசனையோடு உள்ளே வந்தது.

அடுத்து வந்தது வாழைப்பழம். நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், பசியே எடுக்காமல் எதையும் தொடாதிருந்த ஒரு குழந்தைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். அது சாப்பிட ஆரம்பித்தது. அந்தத் தெம்பில் இதையே சீலியாக் குழந்தைகளுக்கும் செய்து, 1924இல் பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினார்கள், பெறாத இருவர் இறந்தார்கள். நாளுக்கு நான்கு முதல் எட்டுப் பழங்கள், அதோடு பாலாடைக்கட்டி, இறைச்சி, காய்கறி, ஆரஞ்சு. விலக்க வேண்டியவை ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் எல்லாம்.

பட்டியலின் அந்தக் கடைசிப் பகுதிதான் குழந்தைகளைக் காப்பாற்றியது. பெயரோ முதல் பகுதிக்குப் போனது. போர்ட்டோ ரிக்கோ தீவில் ரொட்டி நிறையச் சாப்பிடும் நகரத்தாருக்கு இதுபோன்ற வயிற்று நோய் வருகிறது, வாழைப்பழத்தில் வயிறு வளர்க்கும் விவசாயிகளுக்கு வருவதில்லை என்று ஹாஸே குறித்திருக்கிறார். ரொட்டி, வாழை இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. அவர் வாழையை எடுத்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பிடாத குழந்தை ஒன்றை ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்தால், அந்த ஒன்றில்தான் மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். சிக்கல் பிறகுதான் வந்தது. குணமாகிவிட்டது என்று நம்பி ரொட்டிக்குத் திரும்பிய பிள்ளைகளின் குடல் உள்ளுக்குள் மறுபடி பாழாகிக்கொண்டிருந்தது.

விடை ஹாலந்திலிருந்து வந்தது. வில்லம் கரெல் டிக்கே 1905இல் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தவர். 1936இல், முப்பத்தோரு வயதில், தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரானார். அந்தக் காலத்தில் சீலியாக் நோயிருந்த ஒரு குழந்தையின் இளம் தாய் அவரிடம் ஒன்றைச் சொன்னார். ரொட்டியை நிறுத்தினால் பிள்ளையின் தோலில் இருக்கும் தடிப்பு சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்று. ஒரு தாய் வீட்டில் கவனித்த சங்கதி, அவ்வளவுதான். அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடாததுதான் டிக்கே செய்த முதல் காரியம். 1941இல் டச்சு மருத்துவ வார இதழில் கோதுமை விலக்கிய எளிய உணவுமுறை ஒன்றை அவர் வெளியிட்டார்.

இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1944 செப்டம்பரில் டச்சு ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பதிலடியாக மேற்கு மாகாணங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் பசிக் குளிர்காலம். 1945 தொடக்கத்தில் ஒருவருக்கான நாள் பங்கீடு 500 கலோரி அளவுக்கு இறங்கியது. சர்க்கரை பீட்டையும் துலிப் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இறந்தார்கள். ஊரே ஒட்டிப்போன அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள் என்றும், நேச நாட்டு விமானங்கள் உணவைப் போட்டு ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள் என்றும் கதை போகிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சம் டிக்கேவுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏற்கனவே அவர் மனதில் இருந்ததற்கு ஊர் அளவில் ஒரு சாட்சி கிடைத்தது, அவ்வளவே. போரும் பட்டினியும் கண்டுபிடித்தன என்று சொல்லும்போது அந்தத் தாயின் பேச்சு கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

போர் முடிந்த பிறகு நடந்தது பொறுமையான வேலை. சில குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, கோதுமையைச் சேர்ப்பதும் நிறுத்துவதுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து, எடை, உயரம், மலத்தின் அளவு எல்லாவற்றையும் டிக்கே வரைபடமாக்கினார். உண்ட கொழுப்பில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது, எவ்வளவு மலத்தில் வீணாகிறது என்று துல்லியமாக அளக்க, வான் டி கேமர் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு முறையை உருவாக்கிக் கொடுத்தார். குழந்தை மருத்துவர் வேயர்ஸ் கூட்டுச் சேர்ந்தார். கோதுமையும் ரை என்ற தானியமும் கெடுத்தன. அரிசியும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் ஒன்றும் செய்யவில்லை. தேறிய குழந்தைக்குத் தெரிந்தே மறுபடி கோதுமை கொடுத்த பரிசோதனை இது. இன்றைய நெறிமுறைக் குழு எளிதில் அனுமதிக்காது. ஆனால் அது இல்லாமல் எது காரணம் என்று யாரும் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்கள்.

கோதுமையில் எது என்ற கேள்வி பாக்கி இருந்தது. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டி, குழாய்த் தண்ணீரில் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து போய்விடும். கையில் ஜவ்வாக இழுபடும் ஒரு பிசின் மிஞ்சும். அதுதான் குளூட்டன். கழுவிப் போன மாவுச்சத்து குழந்தைகளை ஒன்றும் செய்யவில்லை. மிஞ்சிய பிசின்தான் வயிற்றைக் கெடுத்தது. அதிலும் சாராயத்தில் கரையும் கிளியாடின் என்ற பகுதி.

டிக்கே 1947இல் நியூயார்க் மாநாட்டில் பேசிப் பார்த்தார், பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு டச்சு மொழியில் ஆய்வேடு கொடுத்தார். 1952இல் பர்மிங்காம் மருத்துவர்கள் இதையே சோதித்து லான்செட் இதழில் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1962இல், ஐம்பத்தேழு வயதில் அவர் இறந்தார்.

இனி பசிக்கு வருவோம். மெலிந்து கிடக்கும் குழந்தைக்கு அகோரப் பசி அல்லவா எடுக்க வேண்டும்? இந்த நோயில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. குளூட்டனுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி, சிறுகுடலின் மேல்பகுதியில் சத்தை உறிஞ்சும் விரலிகளைத் தட்டையாக்கிவிடுகிறது. உறிஞ்சப்படாத கொழுப்பும் சர்க்கரையும் குடலின் கீழ்ப்பகுதிவரை இறங்குகின்றன. அங்கே வழக்கமாக அவ்வளவு உணவு வந்து சேர்வதில்லை. வந்துவிட்டால், சாப்பாடு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அப்பகுதி ஹார்மோன்களைச் சுரக்கிறது. இரைப்பை காலியாவது மந்தப்படுகிறது, போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. உடம்பு பட்டினி கிடக்க, குடல் விருந்து முடிந்ததாக அறிவித்துக்கொண்டிருக்கிறது. துத்தநாகமும் இரும்பும் குறைவதால் நாக்கும் செத்துப்போகிறது. சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்பதைக் குழந்தை வேறு கற்றுக்கொண்டிருக்கும். அடம், செல்லம், திமிர் என்று பெரியவர்கள் வைக்கும் பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு நடக்கிறது.

குளூட்டனை நிறுத்தினால் முதலில் மாறுவது எடையல்ல. முகம் மாறும். சிடுசிடுப்பு குறையும், சில நாட்களில் அல்லது சில வாரங்களில் பசி எடுக்கும். பிறகு அந்தப் பசிக்கு அளவு இருக்காது. பெரியவர் தட்டளவு சாப்பிட்டுவிட்டு அரைமணியில் மறுபடி அடுப்படிக்கு வந்து நிற்கும். பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று பாட்டி பயப்படுவார். பூச்சி இருக்குமோ என்று அம்மா மருந்துக்கடைக்கு ஓடுவார். இழந்த வளர்ச்சியை உடம்பு வட்டியோடு வசூலிக்கும் காலம் அது. எடை முதலில் பிடிக்கும், உயரம் பின்னால் வரும். குடல் முழுதாக ஆற மாதங்களாகும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகூட ஆகும்.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி நேர்கோட்டில் போவதில்லை. பிஸ்கட்டும் நூடுல்ஸும்தான் சாப்பாடு என்றிருந்த பிள்ளையிடம் அவற்றைப் பிடுங்கிக்கொண்டால் முதல் வாரங்களில் இருந்த கொஞ்சச் சாப்பாடும் குறையும். அது நோயின் பசியின்மை அல்ல, பழகிய ருசியைப் பறிகொடுத்த கோபம். விலக்க வேண்டிய பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு இந்த ஆபத்து. அப்படி நீண்ட பட்டியல் கொண்ட ஹாஸின் வாழைப்பழ வழி இன்னும் அழிந்துவிடவில்லை. பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட தன் மகளை எலைன் காட்ஷால் என்ற தாய் முதிய ஹாஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். மகள் தேறினாள். அம்மா உயிர்வேதியியல் படித்து அந்த முறையைப் புத்தகமாக்கினார். தானியம் ஒன்றுகூட இல்லாத, சர்க்கரையும் கிழங்கும் இல்லாத அந்த உணவுமுறை குடல் அழற்சி நோய்களுக்கு இன்றும் பின்பற்றப்படுகிறது. அவற்றில் ஒன்றான கிரோன் நோயுள்ள பெரியவர்களிடம் அதை மத்தியதரைக்கடல் பாணிச் சாப்பாட்டோடு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில் அது உயர்ந்ததாகத் தெரியவில்லை. வளரும் குழந்தைக்கு அதைத் தொடங்கினால் எடை இறங்குகிறதா என்று பார்க்க உணவியல் நிபுணர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நம் பக்கம் சீலியாக் நோய் அரிது என்பது உண்மை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தது. சீலியாக் எதிரணுக்கள் வடக்கில் 1.23 சதவீதத்தினரிடம் இருந்தன, வேலூர்ப் பகுதியை வைத்துப் பார்த்த தெற்கில் 0.10 சதவீதத்தினரிடம். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் நாளுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். இட்லியும் சோறும் நம்மைக் காத்துவந்தன என்று சொல்லலாம். இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவரும் வீடுகளில் அந்தக் காவல் எவ்வளவு நாள் நீடிக்குமோ.

நோய் உறுதியான வீட்டில் விலக்குவது வெளியே தெரியும் கோதுமையோடு முடிவதில்லை. மைதா, ரவை, சேமியா, பார்லிக் கஞ்சி, மால்ட் பானம் இவை எளிதில் நினைவுக்கு வரும். கூட்டுப் பெருங்காயம் வராது. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பாரும் ரசமும் ஊறுகாயும் அதன் வழியாகத்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஆர்வக்கோளாறில் பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு. சந்தேகம் வந்ததுமே, ரத்தப் பரிசோதனைக்கு முன்பாகக் கோதுமையை நிறுத்திவிடுவது. குளூட்டன் போவது நின்றுவிட்டால் ரத்தத்தில் எதிரணுக்கள் குறைந்துகொண்டே வரும், குடலும் ஆறத் தொடங்கும், சோதனை ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும். அப்புறம் வாழ்நாள் முழுக்க இந்த உணவு தேவையா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டுமானால், டிக்கே செய்ததையே மருத்துவர் செய்ய வேண்டிவரும்: பசி திரும்பி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாரக்கணக்கில் மறுபடி கோதுமை கொடுத்துப் பார்ப்பது.