பயிற்சிக்குப் போகும் பெண்பிள்ளைகள்: அன்றும் இன்றும்



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்றால் நம்ம குழுக்களில் தெரியாதவர் இல்லை. அந்த அம்மா யார்? 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1930-ல், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண்பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன. அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சென்னை அடையாற்றில் இன்றும் நடக்கிறது.

அதற்கும் முன்னால், 1912 வாக்கில், சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் குழந்தை விதவைகளைத் தம்மோடு வைத்துப் படிக்க வைத்தார். சின்ன வயசிலேயே கணவரை இழந்தவர் அவர். பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸில் விடுதி நடந்தது. எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகள் ஆனார்கள்.

இரண்டு பேருமே முதலில் கொடுத்தது தங்க இடம், வயிற்றுக்குச் சோறு, "நீயும் நம்ம பிள்ளைதான்" என்ற ஆதரவு. படிப்பும் தொழிலும் அதன்மேல்தான் நின்றன.

2014-ல் தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் வந்தது. எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பொறுப்பை நான் பார்க்கிறேன். சிலர் நல்லா முடித்து வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஒரே மாதத்தில் பெட்டியோடு திரும்புகிறார்கள். காரணம் கேட்டால் யாரும் "தையல் வரலை", "கணினி புரியலை" என்று சொல்வதில்லை. "மயக்கம் வருதுக்கா", "சாப்பாடு ஒத்துக்கலை", "எந்தத் தெரு, என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்க" என்கிறார்கள். திரும்பி வந்த பிள்ளைக்கு வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான்.

அதனால் சகோதரிகளே, அனுப்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தச்சோகை. டாக்டர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை தொடங்கட்டும். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்புங்கள். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதைப் பையில் வையுங்கள். வாரம் ஒருமுறை குழுவிலிருந்து ஒருவர் போன் பண்ணுங்கள். சாதி கேட்டு ஒதுக்கினால் கூட்டமைப்பே நேரில் போய்க் கேட்கட்டும்.

அன்று தனி ஆளாக இரண்டு பெண்கள் செய்ததை, இத்தனை பேர் சேர்ந்த நாம் செய்ய முடியாதா என்ன?