சேமித்தவர்களும் சேமிக்கப்பட்டவர்களும்

1

தகவல் சேமிப்பின் வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறுதான். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது, எவ்வளவு கொள்ளும், என்ன வேகம், என்ன விலை. இந்தக் கதையாடலில் இயந்திரம் வளர்ந்துகொண்டே போகும். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் யார், போட்டுவைத்ததைத் திரும்ப எடுக்கப்போனபோது அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி வராது. வந்தாலும் 'பயனர் அனுபவம்' என்று தலைப்புப் போட்டுக் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கிவிடுவார்கள்.

'பயனர்' என்ற சொல்லே சந்தேகத்துக்குரியது. ஒரு அரசின் அல்லது பெரிய நிறுவனத்தின் சேமிப்பு அமைப்பில் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். அதைச் சொந்தமாக வைத்திருக்கும் அதிகாரம். அதன்முன் வேலை பார்க்கும் குமாஸ்தா. அதற்குள் பெயராகவும் எண்ணாகவும் கிடக்கும் மனிதர். மூவரையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டால் யாருடைய அனுபவத்தைப் பேசுகிறோம் என்பதே மறைந்துபோகும். அப்படி மறைவது சொல்லாடலின் தற்செயல் அல்ல.

தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரை, ஆவணக்காப்பகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வேரிலிருந்து தொடங்குகிறது. கிரேக்கத்தில் அது ஆட்சியாளர்கள் குடியிருந்த வீட்டைக் குறித்தது. ஆவணம் இருக்கும் இடமும் ஆணை பிறக்கும் இடமும் ஒன்று. சரி, அந்த வீட்டில் வேலைசெய்தவர்கள்? ஆவணத்துக்குள் இருந்தவர்கள்? அங்கிருந்து நாம் தொடங்கலாம்.

2

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கு வந்துவிடும், முந்தையது முடிந்திருக்காது என்ற நிலை. 1890இல் ஹெர்மன் ஹொலரித்தின் துளை அட்டைகள் வந்தன. ஆளுக்கு ஓர் அட்டை. வயது, பால், பிறந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும், துளை இருக்கும் இடத்தில் ஊசி கீழேயுள்ள பாதரசத்தைத் தொடும், மின்சுற்று முடியும், கணக்குமுள் ஒரு எண் நகரும். ஆறு கோடியே இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இப்படி எண்ணப்பட்டார்கள். ஹொலரித்தின் நிறுவனம் 1911இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது. அந்த இணைப்புக்கு 1924இல் ஐபிஎம் என்று பெயர் வந்தது.

துளை போடுவதற்கு முன்னால் கட்டம் போட்டாக வேண்டும். 1890 கணக்கில் கறுப்பின மக்களை ரத்தத்தின் பங்கை வைத்து நான்காகப் பிரித்தார்கள்: முழுக் கறுப்பர், பாதி, கால், அரைக்கால். பத்தே ஆண்டுகளில், 1900 கணக்கில், இந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. கைவிடப்படுவதற்குள் லட்சக்கணக்கான மனிதர்கள் அந்தக் கட்டங்களில் விழுந்து எழுந்துவிட்டார்கள். சேமிப்பு என்பது இருப்பதைப் பத்திரப்படுத்துவது மட்டுமல்ல. எது 'இருப்பது' என்று முதலில் தீர்மானிப்பது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அட்டைகள் கூட்டுத்தொகையைத் தந்துவிட்டன. பெயர்கள் எழுதிய மூலப் படிவங்கள் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், தீப்பிடிக்காத அறைக்கு வெளியே அடுக்கிக் கெடந்தன. 1921 ஜனவரி 10 அன்று தீ. எரிந்தது பாதி, அணைக்க ஊற்றிய தண்ணீரில் ஊறியது பாதி. மிச்சத்தை யாரும் உலர்த்திச் சீர்செய்யவில்லை. பல ஆண்டுகள் அப்படியே இருந்தன. பயனற்ற காகிதங்கள் பட்டியலில் சேர்த்து அழிக்கலாம் என்று 1933 பிப்ரவரி 21 அன்று நாடாளுமன்றம் அனுமதி தந்தது. தேசிய ஆவணக்காப்பகக் கட்டடத்துக்கு ஜனாதிபதி ஹூவர் அடிக்கல் நாட்டியது அதற்கு முந்தைய நாள்!

இன்று அந்தக் கணக்கிலிருந்து மிஞ்சியிருக்கும் பெயர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். அரசுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்கு வேண்டிய கூட்டுத்தொகை அச்சாகிவிட்டது. நஷ்டம் யாருக்கு? அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிக்கணக்கில் முதன்முதலாகப் பெயரோடு பதியப்பட்டது 1870இல்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியைத் தேடிப் போகும்போது 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டுப் பள்ளம். ஊர்விட்டு ஊர் போனதும், பெயர் மாற்றிக்கொண்டதும், குழந்தைகள் பிறந்து செத்ததும் அந்தப் பள்ளத்துக்குள்தான். கட்டத்தில் அடைக்கும்போதும் அவர்களைக் கேட்கவில்லை. அழிக்கும்போதும் கேட்கவில்லை.

3

இனி குமாஸ்தா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மொத்த வியாபாரக் கடைகளில் 'தொட்டிக் கோப்பு' என்று ஒன்று இருந்தது. பெரிய தொட்டிகளில் துளை அட்டைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். சரக்குக் கேட்டுச் சீட்டு வந்ததும் குமாஸ்தா போய், வாங்குபவரின் அட்டையையும் சரக்கின் அட்டைகளையும் கையால் தேடி உருவ வேண்டும். இயந்திரத்தில் கொடுத்து முடித்ததும் திரும்ப அதே இடத்தில் செருக வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினால் அந்தச் சரக்கு கடையில் இருந்தும் இல்லாததுதான். எண்ணி முடிக்கிற இயந்திரம் வேகமாக இருந்தது. தேடி எடுக்கிற கை அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொட்டியை ஒழிக்கத்தான் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் காந்தத் தட்டு உருவானது. 1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிவித்த ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எடை ஒரு டன்னுக்கு மேல். மாத வாடகை 3,200 டாலர். எந்த இடத்தில் இருந்தாலும், முன்னுள்ளதைப் புரட்டாமல், நேரே போய் எடுக்கலாம் என்பது அதன் புதுமை. அதன் பெயரே ஒரு சுருக்கம். விரித்தால் கடைசி இரண்டு சொற்கள் 'கணக்கு', 'கட்டுப்பாடு'. பெயர் வைத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நின்றவருக்குக் கால்வலி போனது உண்மை. எந்த அட்டை எங்கே இருக்கும் என்று அவர் கைக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றும் சேர்ந்து போனது. அதுவரை முதலாளி அவரைக் கேட்க வேண்டியிருந்தது, இனி வேண்டாம்.

1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியில் இந்த இயந்திரத்துக்குப் 'பேராசிரியர்' பட்டம் கொடுத்து நிறுத்தினார்கள். பார்வையாளர் ஓர் ஆண்டைச் சொன்னால், அந்த ஆண்டில் உலகில் நடந்தது என்ன என்று பேராசிரியர் ராமாக் பத்து மொழிகளில் பதில் அச்சிட்டுக் கொடுப்பார். ஓர் ஆண்டின் 'வரலாறு' என்பது யாரோ தேர்ந்தெடுத்துத் தட்டில் எழுதிய சில வரிகள். தேர்ந்தவர் முகம் தெரியாது. இயந்திரம் சொல்லிற்று என்றால் எதிர்க்கேள்வி கிடையாது. அதே பொருட்காட்சியில், அப்போது பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆண், பெண், குழந்தைகளை மூங்கில் வேலிக்குப் பின்னால் 'கிராமம்' என்று உட்கார வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் வாழைப்பழம் எறிந்தார்கள். அவமானம் பொறுக்காமல் ஜூலையில் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் கேள்வி கேட்கும் பயனர், இன்னொரு பக்கம் காட்சிப் பொருளான மனிதர். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காத சேமிப்பு வரலாறு அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

4

இழப்பு எப்போதும் துயரம்தானா? ஆம்ஸ்டர்டாமில் 1943 மார்ச் 27 இரவு நடந்தது வேறு விதமாக யோசிக்க வைக்கிறது. நெதர்லாந்தின் நகராட்சிக் குடிப்பதிவேடுகள் ஒழுங்குக்குப் பெயர்போனவை. ஒவ்வொருவரின் மதமும் அதில் இருந்தது. ஆக்கிரமித்த நாஜிகளுக்கு அது எழுதிக் கொடுத்த பட்டியலாயிற்று. தலைமறைவு இயக்கத்தினர் போலி அடையாள அட்டைகள் அச்சிட்டார்கள். ஆனால் பதிவகத்திலிருந்த நகலோடு ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். எனவே நகலையே எரிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோண்டேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன் முதலானோர் போலீஸ் உடுப்பில் உள்ளே போனார்கள். காவலர்களை மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டுத் தீவைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் மெதுவாக வந்தார்கள். வந்தபின் வேண்டியதற்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். ஏறக்குறைய எட்டு லட்சம் அட்டைகள், மொத்தத்தில் சுமார் 15 விழுக்காடு, அழிந்தன. பங்குகொண்டவர்களில் அரோண்டேயஸ் உள்ளிட்ட 12 பேரை 1943 ஜூலை 1 அன்று சுட்டுக் கொன்றார்கள். நெதர்லாந்தின் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்த 85 விழுக்காடு பதிவுகள் அப்படியேதான் இருந்தன.

வாஷிங்டன் தீயையும் ஆம்ஸ்டர்டாம் தீயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் அழிந்தது சேமிக்கப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது, அதிகாரத்துக்குத் தேவைப்படவில்லை. பின்னதில் நேர்மாறு. ஆகவே 'நம்பகமான சேமிப்பு' என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. யாருக்கு நம்பகம் என்று கேட்டால்தான் அது வாக்கியமாகும்.

5

எரியாமலும் நனையாமலும் ஒரு சேமிப்பு தொலைந்துபோகலாம். இங்கிலாந்தில் வில்லியம் அரசன் 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே செய்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் லேசர் தட்டுகளில் ஏறின. அதைப் படிக்கும் இயந்திரத்தொகுதியின் விலை சுமார் 5,000 பவுன். எழுதிக்கொடுத்த பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றால் வாங்க முடியவில்லை! 2002 வாக்கில் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகளே அருகிப்போயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் பாவனை செய்து உள்ளடக்கத்தை மீட்டுக் காட்டினார்கள். ஊர்க்காரர்கள் எழுதிய பகுதி பிறகு இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. 1086ஆம் ஆண்டுத் தோல் ஏடு லண்டனுக்கருகே கியூவில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தால் படிக்கலாம்.

'தோல் நல்லது, தட்டு கெட்டது' என்று இதற்கு நீதி சொல்லிவிடுவார்கள். அது தவறு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் படித்தவர்களுக்கு இது தெரியும். ஓலை தானாக நிற்பதில்லை. இருநூறு முந்நூறு வருஷத்துக்குள் யாராவது மறுபடி எழுத வேண்டும். எழுதினது வாழும், எழுதாதது மக்கும். எதை எழுதுவது என்பதில் மடமும் சாதியும் சமயமும் காசும் இருந்தன. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே.சா. பதறியதைப் படித்திருக்கிறோம். அங்கே செய்தவர்களுக்கு அது அழிவாகப் படவில்லை, சடங்காகப் பட்டது. அறிந்து செய்யும் மறதி அது. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாற்றும் இன்றைய நிறுவனமும் இதே தேர்வைத்தான் செய்கிறது, 'பட்ஜெட்' என்று சொல்லிக்கொண்டு.

6

1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பெரிய விலையுயர்ந்த தட்டுக்குப் பதில் பல சின்ன, மலிவான தட்டுகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து மீட்கலாம் என்பது யோசனை. ரெய்ட் என்ற சுருக்கப்பெயரில் இருந்த 'மலிவான' என்ற சொல், வியாபாரத்துக்கு வந்தபின் 'தனித்தியங்கும்' என்று மாறிவிட்டது. எழுத்து அதேதான், அர்த்தம் வேறு. மலிவு என்று சொல்லிக்கொண்டு பெரிய விலைக்கு எப்படி விற்பது?

தட்டு செத்தால் காப்பாற்றும் ஏற்பாடு, கட்டடம் எரிந்தால் காப்பாற்றாது. தவறான கட்டளையிலிருந்தும் காப்பாற்றாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தரவு மையம் எரிந்தபோது, நகல் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த சிலருக்கு அந்த நகலும் எரிந்த இடத்திலேயே இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், நகலெடுக்கும் வேலைக்காக வைத்திருந்த நிரலை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியதில், நகலெடுக்க வேண்டிய நிரல் மூலத்தை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியில்லை. அங்கே எவ்வளவு போயிற்று என்று கோப்புவாரியாகக் கணக்குச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் சத்தம் போட முடிந்தது. அவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு.

அமைப்புக்குள் கிடப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1890இன் பெயர்கள் அழிக்கப்பட்டபோது அந்தப் பெயருக்குரியவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். தங்களைப் பற்றிய காகிதம் ஓர் அடித்தளத்தில் நனைந்து கிடந்ததோ, பயனற்ற காகிதம் என்று ஒரு பட்டியலில் ஏறியதோ அவர்களுக்குத் தெரியாது. சேமிப்பு அமைப்புகளைப் பற்றிய அனுபவத்தை எழுதுகிறவர்கள் வேகத்தையும் கொள்ளளவையும் எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. இந்தத் தெரியாமையையும் ஓர் அனுபவமாகக் கணக்கில் எடுத்து எழுதத் தொடங்கினால்தான் அது வரலாறாகும். அதுவரை அது விலைப்பட்டியல்.