குத்ரும் மூலைவிட்டமும்

அரபு மொழியில் ‘குத்ர்’ என்னும் சொல்லுக்குப் பக்கம், நிலப்பகுதி, நாடு எனப் பல பொருள் உண்டு. அதன் பன்மையாகிய ‘அக்தார்’ திருக்குர்ஆனின் 33:14, 55:33 ஆகிய வசனங்களில் வந்துள்ளது. முன்னது நகரின் பக்கங்களையும், பின்னது வானங்கள் பூமியின் எல்லைகளையும் சுட்டும்.

கணித நூலார் இச்சொல்லையே வட்டத்தின் விட்டத்திற்கும், சதுரத்தின் மூலைவிட்டத்திற்கும் ஆண்டனர். தமிழும் இதற்கு அணித்தே நிற்கிறது. சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் உத்தரம் விட்டம். வட்டத்தை நடுவே கடப்பதும் விட்டம். மூலைக்கு மூலை செல்வது மூலைவிட்டம். கடைக்கால் தோண்டுமுன் கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டும் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பது இதனைத்தான்.

கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வாணிபம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படவே தம் அல்ஜப்ர் நூலை இயற்றினார். சாய்சதுரத்தின் பரப்பைக் காண, ஒரு குத்ரை மற்றதன் பாதியால் பெருக்குக என்பது அவர் காட்டும் வழி. ஒவ்வொரு பக்கமும் 5 முழம், மூலைவிட்டங்கள் 8, 6 முழம் எனின் பரப்பு 24 சதுர முழம். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கினாலோ 25 வரும். அவ்வாறு கணக்கிட்டுப் பாகம் பிரித்தால், அந்நிலத்தைப் பெறும் வாரிசு ஒரு சதுர முழம் இழப்பார்.

ஆகவே அரபு நூல்களைத் தமிழாக்குவோர், குத்ர் எனக் கண்டவுடன் விட்டம் என எழுதிவிடலாகாது. வட்டமா, சதுரமா, நாடா என இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும். சொல் பிழைத்தால் கணக்கு பிழைக்கும். கணக்கு பிழைத்தால் ஒருவரின் உரிமை பறிபோகும்.