காணியில் முளைத்த பகை

அயர்லாந்து மக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்காக நிலவிய பகைமைக்கு மதமே மூலகாரணம் என்பர் பலர். கத்தோலிக்கர் ஒருபுறமும் புரட்டஸ்தாந்தர் மறுபுறமுமாக நின்று பொருதமையால் இக்கூற்று ஏற்புடையதாகவே தோன்றும். ஆயினும், வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, மதவேற்றுமைக்கும் முற்பட்டதொரு வேர் புலப்படும். அவ்வேர் காணியைப் பற்றியது.

நோர்மானியப் பிரபுக்கள் 1169இல் அயர்லாந்தில் வந்திறங்கினர். ஈராண்டுகளின் பின் ஆங்கில மன்னன் இரண்டாம் ஹென்றி தன் படையுடன் சென்று, அந்நாட்டின் மீது மேலாதிக்கம் கொண்டான். அக்காலத்தில் இரு சாராரும் கத்தோலிக்கரே. வந்தவர்கள் நாளடைவில் அயர்லாந்தின் மொழியைப் பேசி, அந்நாட்டுப் பெண்களை மணந்து, அம்மண்ணின் மக்களாகவே மாறலாயினர். அதனைத் தடுக்கவே 1366இல் கில்கெனிச் சட்டங்கள் பிறந்தன. குடியேறியோர் அயர்லாந்து மொழியைப் பேசுவதும் அந்நாட்டாருடன் மணவுறவு கொள்வதும் அச்சட்டங்களால் விலக்கப்பட்டன.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து பாப்பரசரின் தலைமையை விட்டு நீங்கியது. அயர்லாந்து மக்களுட் பெரும்பாலோர் பழைய நெறியிலேயே நின்றனர். 1607இல் வடக்கின் தலைவர்கள் நாட்டைவிட்டு ஐரோப்பாவுக்குச் சென்றனர். அவர்தம் நிலங்களை முடியாட்சி கைப்பற்றி, 1609 முதல் ஸ்கொட்லாந்தரையும் ஆங்கிலேயரையும் அல்ஸ்டரிற் குடியேற்றியது. 1641இல் மூண்ட கிளர்ச்சியிற் குடியேறியோர் பலர் கொல்லப்பட்டனர். 1649இற் படையுடன் வந்த குரொம்வெல், கொடுமைக்குக் கொடுமை செய்து, நிலங்களையும் பறித்தான். 1641இல் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நிலம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703இல் அது ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, கத்தோலிக்கன் ஒருவனின் காணி அவன் புதல்வர் அனைவருக்குமாகத் துண்டாடப்பட வேண்டும்; மூத்த மகன் அரச திருச்சபையைத் தழுவுவானாயின் முழுவதும் அவனுக்கே உரியது. ஒருவன் எத்திருச்சபையில் வணங்குகின்றான் என்பதே அவனுடைய காணி உறுதியாயிற்று. மதமும் மண்ணும் பிரிக்கவொண்ணாது பிணைந்தமை இவ்வாறே.

இதன் விளைவை 1845இல் தொடங்கிய பஞ்சம் காட்டியது. உருளைக்கிழங்கை அழித்தது பயிர்நோய். ஆயின், ஏழைக் குத்தகைக்காரனை அவ்வொரு பயிரையே நம்பி வாழும் நிலைக்குத் தள்ளியது நிலவுடைமை முறை. தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருக்க, ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சத்துக்குக் குறையாதோர் கடல் கடந்தனர். வாடகை செலுத்த மாட்டாத குடும்பங்கள் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டன. அவ்வாறு வெளியேற்றப்பட்ட குடும்பமொன்றின் சிறுவனாகிய மைக்கேல் டேவிட், 1879இல் நிலச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார்.

1903ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கக் கடனுதவியுடன் குத்தகைக்காரர் தம் நிலத்தை வாங்க வழிசெய்தது. நீதி வந்தது, ஆனால் காலந்தாழ்ந்து வந்தது. அதற்குள் தன்னாட்சி வேட்கை ஓங்கி வளர்ந்துவிட்டது. 1916இன் எழுச்சியும் 1921இன் உடன்படிக்கையும் தொடர்ந்தன. இருபத்தாறு மாவட்டங்கள் தனியரசாயின. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடன் நின்றன. பழைய குடியேற்றம் வேரூன்றிய அவ்வடபகுதியிலேயே 1960களின் இறுதியிற் குருதி மீண்டும் சிந்தியது. 1998இன் உடன்படிக்கைக்கு முன் மூவாயிரத்து ஐந்நூறு பேரளவில் மடிந்தனர்.

பறித்தோரும் இழந்தோரும் என்றோ மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வழக்கோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராது நின்றது.